வீட்டு முயலுக்கு உடம்பு சரியில்லை என்பதை முதல் நாளே கண்டுகொள்வது எப்படி?

பெங்களூரில் முயல் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் மொட்டை மாடியில் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள். ஐடி வேலைக்கு வந்து பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ குடியேறி, நாய் வளர்க்க வீட்டுக்காரர் சம்மதிக்காததால் முயல் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். முயல் வளர்ப்பவள் என்று தெரிந்து எனக்கு ஃபோன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவார்கள்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

நேற்றும் அது நன்றாக இருந்திருக்காது. முயல் வேட்டையாடப்படும் பிராணி. கூட்டத்தில் சோர்ந்து கிடக்கும் முயலைத்தான் நரியும் பருந்தும் முதலில் தூக்கும். அதனால் வலியை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம். நாய் முனகும், பூனை கத்தும். முயல் ஒரு மூலையில் போய் அமைதியாக உட்கார்ந்துவிடும். அந்த அமைதியைப் பார்த்து "சாதுவா இருக்கு" என்று விட்டுவிட்டால், மறுநாள் காலையில் நிலைமை கைமீறியிருக்கும். முயல் விஷயத்தில் நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

புதிதாக வளர்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதல் வாரம்: உங்கள் முயலின் வழக்கம் என்ன?

முயலை வாங்கி வந்த முதல் வாரத்திலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். எத்தனை மணிக்குச் சுறுசுறுப்பாக இருக்கிறது (பெரும்பாலும் விடியற்காலையும் அந்தி நேரமும்தான்), எந்தக் கீரைக்கு ஓடி வருகிறது, எந்தப் பக்கம் படுக்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று எழுதி வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 மி.லி. தண்ணீர் என்பது பொதுவான அளவு. கீரை நிறையத் தின்னும் முயல் அதைவிடக் குறைவாகக் குடிக்கும். உங்கள் முயலின் வழக்கம் தெரிந்திருந்தால்தான் அது மாறும்போது கண்ணில் படும்.

எடையையும் பாருங்கள். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பேசின் வைத்து, பூஜ்யமாக்கி, முயலை உள்ளே உட்கார வையுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில். அடர்ந்த முடிக்குள் முயல் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, தராசில் தெரிந்துவிடும். ஒன்றரைக் கிலோ முயல் 150 கிராம் இழந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். நன்றாகத் தின்பதுபோல் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டிய அளவு அது.

தினமும் காலையில்: தட்டும் புழுக்கையும்

இதற்கு மட்டும் ஒரு நாளும் விடுப்பு கிடையாது. எழுந்ததும், காபி போடுவதற்கு முன்னால், இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ராத்திரி வைத்த புல்லும் கீரையும் எவ்வளவு மிச்சம்? ராத்திரி போட்ட புழுக்கை எவ்வளவு, எப்படி இருக்கிறது?

ஆரோக்கியமான முயல் ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு புழுக்கை போடும். எண்ணிப் பார்க்க வேண்டாம், பெருக்கித் தள்ளும்போது முறத்தில் சேரும் குவியலே போதும். ஒவ்வொன்றும் உருண்டையாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். விரலால் நசுக்கினால் காய்ந்த புல் தூளாக உதிர வேண்டும். நாற்றம் இருக்காது. அருவருப்புப் படாமல் ஒன்றிரண்டை நசுக்கிப் பாருங்கள். டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார்.

அளவு சிறுத்துக்கொண்டே வந்தால் வயிறு மெதுவாக ஓடுகிறது. ஒன்று பெரிது ஒன்று சிறிது என்று ஒழுங்கில்லாமல் வந்தாலும் அதே கதைதான். முடியால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தால் முடி உதிரும் பருவம், தினமும் வாரிவிட்டு, புல்லைக் கூட்டுங்கள். புழுக்கையே இல்லை என்றால் அது அவசரம்.

இன்னொரு வகையும் உண்டு. கரும்பச்சையாக, பளபளப்பாக, மெத்தென்று, சின்ன உருண்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். கொஞ்சம் நாற்றமும் அடிக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பேதி என்று பயந்துவிடுவார்கள். அது பேதி இல்லை. முயலின் பெருங்குடல் பையில் புளித்துச் சத்தாக மாறி வருவது. முயல் அதைப் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும், அது அதற்கு அவசியமான உணவு. தடுக்கக் கூடாது. ஆனால் அது தரையில் தினமும் மிச்சம் கிடந்தால், அல்லது வாலடியில் அப்பிக்கொண்டிருந்தால், ஏதோ சரியில்லை. பெல்லட்டோ (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) பழமோ அதிகமாகிவிட்டிருக்கலாம். உடம்பு பெருத்துப்போய்க் குனிய முடியாமல் இருக்கலாம். பல்லிலோ முதுகிலோ வலி இருக்கலாம்.

உண்மையான பேதி தண்ணீராகப் போகும். வளர்ந்த முயலுக்கு அது அபூர்வம், வந்தால் அன்றைக்கே டாக்டர். குட்டிகள் என்றால் இன்னும் அவசரம். கடைகளில் தாய்ப்பால் மறக்கும் முன்பே பிரித்து விற்கும் குட்டிகளுக்கு, எட்டு வாரத்துக்குள் குடல் மிகவும் பலவீனமாக இருக்கும். காக்சிடியோசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் ஈரமான, அழுக்கான கூண்டில் வேகமாகப் பரவும். வயிறு மட்டும் பானை வயிறாக உப்பி, முதுகெலும்பு தட்டுப்பட்டு, பின்பக்கம் நனைந்திருக்கும் குட்டியை ஒரு ராத்திரிகூட வைத்துப் பார்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு நேரம் புழுக்கையைப் பற்றியே பேசுகிறேன் என்றால், வீட்டு முயல்களைக் கொண்டுபோகும் பெரிய எமன் குடல் ஓட்டம் நின்றுபோவதுதான். டாக்டர்கள் ஜிஐ ஸ்டேசிஸ் என்பார்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய குடல். உள்ளே நார் போய்க்கொண்டே இருந்தால்தான் அது ஓடும். வலி, பயம், தண்ணீர் குறைவு, புல் குறைவு, வெயில், எதனாலும் அது வேகம் குறையும். வேகம் குறைந்தால் பசி குறையும், பசி குறைந்தால் இன்னும் வேகம் குறையும், உள்ளே வாயு சேரும், வாயுவால் வலி கூடும். முயலால் வாந்தி எடுத்து ஆற்றிக்கொள்ளவும் முடியாது.

பெங்களூரில் இதற்கென்று சில நாட்கள் உண்டு. தீபாவளிக்கு மூன்று நாளும் வெடிச் சத்தம். விநாயகர் ஊர்வலத்தில் தெருவில் தமட்டை. மாடியில் கூண்டு இருந்தால் அந்த நாட்களில் வீட்டுக்குள் கொண்டுவந்து, சத்தம் குறைந்த அறையில் வைத்து, புழுக்கையை ஒரு வேளைக்கு இரு முறை பாருங்கள். பயந்து தின்னாமல் விட்ட முயலுக்கு மறுநாள் குடல் நின்றுபோவது வழக்கமான விஷயம்.

எங்கள் தெருவில் கல்லூரிப் பையன் ஒருவன் முயல் வளர்க்கிறான். ஒரு தீபாவளிக்கு மறுநாள் வந்து கதவைத் தட்டினான்.

"அக்கா, சின்னு காலையிலேர்ந்து எதையும் தொடலை. தூங்குதுன்னு நினைச்சேன்."

"புழுக்கை போட்டிருக்காடா?"

"ராத்திரி போட்டதுதான் கிடக்குக்கா. எல்லாம் மிளகு மிளகா இருக்கு."

போய்ப் பார்த்தேன். முன்னங்கால்களை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையில் இருந்தது. கொத்தமல்லித் தண்டை மூக்கடியில் நீட்டியபோது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காது நுனி சில்லென்று இருந்தது. பல்லைக் கடிக்கும் சத்தம் ஓரடி தள்ளி நின்றாலும் கேட்டது. அப்படியே துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து ஆட்டோ பிடித்தோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து வெகு நேரம் கேட்டார், குடல் சத்தம் சுத்தமாக இல்லை என்றார். வலிக்கு ஊசி, தோலுக்கடியில் சலைன், உடம்பைச் சூடாக்க ஒத்தடம். ராத்திரி பத்து மணிக்கு மேல் முதல் புழுக்கை வந்தது. அந்தப் பையன் அதை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். ஒரு வேளை தள்ளிப் போட்டிருந்தால் அந்த ஃபோட்டோ வந்திருக்காது.

சின்னுவிடம் தெரிந்த எல்லாமே நீங்களும் பார்க்க வேண்டிய அறிகுறிகள். பிடித்ததை வைத்தும் தின்னாமல் இருப்பது, கூனி உட்காருவது, அரைக் கண், சில்லிட்ட காது, நறநறவென்று பல் கடிப்பது. தடவிக் கொடுக்கும்போது மெல்ல, மூக்கும் கன்னமும் அசைய வரும் பல் சத்தம் வேறு, அது சந்தோஷம். சத்தமாக, யாரும் தொடாமலே வருவதுதான் வலி. வயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்தி இடம் மாற்றிப் படுப்பதும் வயிற்று வலிதான்.

வாரம் ஒரு முறை: கையில் எடுத்துப் பார்ப்பது

எடை பார்க்கும் நாளிலேயே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துப் பாருங்கள். நின்றுகொண்டு தூக்க வேண்டாம். முயலுக்குப் பின்னங்காலில் பலம் அதிகம், முதுகெலும்போ மெலிது. பின்பக்கத்துக்குக் கை கொடுக்காமல் தூக்கினால் உதறுகிற உதறில் முதுகெலும்பு முறிந்து பின்னங்கால் விழுந்துவிடும். காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

முகத்திலிருந்து தொடங்குங்கள். மூக்கு காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு தும்மல் புல் தூசியால் வரலாம். தொடர்ந்து தும்மி, வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சளி வந்தால் பாஸ்டுரெல்லா போன்ற கிருமித் தொற்றாக இருக்கலாம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. முயல் மூக்கை முன்னங்காலால் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிவிடும், மூக்கைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முன்னங்கால்களின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே முடி ஒட்டிக் காய்ந்து திரிதிரியாக இருந்தால், உங்கள் கண்ணில் படாமல் அது பல நாளாக மூக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் வாய். முயலுக்கு மொத்தம் 28 பல், எல்லாமே வாழ்நாள் முழுக்க வளரும். முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்கூட வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். கேரட்டும் பெல்லட்டுமாக வளரும் முயலுக்குக் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். உதட்டை மெல்ல விலக்கினால் முன்பற்கள் தெரியும், மேல் பல் கீழ்ப் பல்லுக்குச் சற்று முன்னால் நேராக இருக்க வேண்டும். கடைவாயை வீட்டில் பார்க்க முடியாது, அதனால் வெளி அடையாளங்களைப் பாருங்கள். மோவாய் நனைந்திருப்பது, கீரையை வாயில் எடுத்துக் கீழே போடுவது, புல்லை விட்டு மெத்தென்ற உணவை மட்டும் தேடுவது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது. மேல் பற்களின் வேர் கண்ணீர்க் குழாயை ஒட்டியே இருப்பதால் பல் கோளாறு கண்ணில் தெரியும். தாடையின் கீழ் விளிம்பைத் தடவினால் மேடு தட்டுப்பட்டால் வேரில் சீழ் இருக்கலாம்.

காதுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்கு இருந்தால் காதுச் சொறி. தலையை உதறும், காதைப் பிறாண்டும். மூக்கு நுனி, காது விளிம்பு, கால் விரல்களில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது உடம்புச் சொறி. பொருக்கைப் பிய்க்காதீர்கள், கீழே புண்ணாக இருக்கும், வலிக்கும். இரண்டும் எளிதில் குணமாகும், ஆனால் மருந்தை டாக்டர் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பாதத்தின் அடியைப் பாருங்கள், கம்பிக் கூண்டில் இருக்கும் முயலுக்குக் குதிகால் முடி தேய்ந்து சிவந்து புண்ணாகும். கம்பி மேல் பலகையோ பாயோ போடுங்கள்.

கடைசியாக வாலடி. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக் காலத்தில் இதை வாரம் ஒரு முறை அல்ல, தினமும் பாருங்கள். சிறுநீரோ மலமோ ஒட்டி ஈரமாக இருக்கும் இடத்தில் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். புழுவைப் பார்த்த நிமிடமே டாக்டர்.

சிறுநீர், மூச்சு, தலை

முயலின் சிறுநீர் வெளிர் மஞ்சள் முதல் ஆரஞ்சு, செங்கல் நிறம் வரை வரும். உணவில் உள்ள நிறமிகளாலும் இப்படி வரும். அதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். கொஞ்சம் கலங்கலாக, காய்ந்தால் வெள்ளைப் பொடியாக இருப்பதும் இயல்புதான், முயல் அதிகப்படியான சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீரில்தான் கழிக்கும். ஆனால் குழைத்த சுண்ணாம்பாகக் கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிப் போனாலோ, சிறுநீரின் நடுவே ரத்தத் திட்டு தெரிந்தாலோ காட்டுங்கள். கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று வரும் வாய்ப்பு மிக அதிகம். ரத்தம்தான் அதன் முதல் அடையாளம்.

முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து, தலையைத் தூக்கி மூச்சு வாங்கினால் அதைவிட ஆபத்தான அறிகுறி வேறு இல்லை. படுத்திருக்கும் முயலுக்கு நிமிடத்துக்கு 30 முதல் 60 மூச்சு சாதாரணம்.

மார்ச் முதல் மே வரை வெயில். ஊர் குளிர்ச்சியான ஊர் என்று பெயர், ஆனால் ஷீட் வீட்டிலும் கடைசி மாடியிலும் மதியம் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 30 டிகிரியைத் தாண்டினால் முயல் திணறும். காது சிவந்து கொதிக்கும், மூக்கும் வாயோரமும் நனையும், நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு விடும். ஈரத் துணியால் காதைத் துடையுங்கள், நிழலுக்கும் காற்றுக்கும் மாற்றுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியே உயிரை எடுக்கும்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, வட்டமடித்து, உருண்டு விழுந்தால் காதுக்குள் தொற்றாகவோ, மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம். "வாதம் வந்துடுச்சு, இனி பிழைக்காது" என்று கைவிடுகிறவர்கள் நிறையப் பேர். சீக்கிரம் மருந்து தொடங்கினால் தேறி ஓடும் முயல்கள் உண்டு.

டாக்டரிடம் போகும் வரை

பத்துப் பன்னிரண்டு மணி நேரமாகத் தின்னவில்லை, அல்லது புழுக்கை இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். கூனி உட்கார்ந்து பல் கடித்தால் அந்தப் பன்னிரண்டு மணி நேரம்கூட வேண்டாம். காது சில்லிட்டிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள், சூடு பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் இடம் விடுங்கள். உடம்புச் சூடு 101 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும், 100க்குக் கீழே போனால் உயிர் ஆபத்து. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பதை டாக்டர் ஒரு முறை செய்துகாட்டிய பிறகு செய்யுங்கள்.

வயிறு இறுகி உப்பியிருந்தால் வாயில் எதையும் ஊட்டாதீர்கள், அடைப்பாக இருக்கலாம். உப்பவில்லை என்றால், ஊட்டச் சொல்கிறாரா என்று டாக்டரிடம் ஃபோனில் கேட்டுவிட்டு, ஊறவைத்த பெல்லட்டைக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில், வாயின் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

வீட்டு வைத்தியம் வேண்டாம். ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், விளக்கெண்ணெய் எல்லாம் பாட்டி அன்போடு சொல்வதுதான், ஆனால் முயலின் குடல் வேறு. குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பைக் கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, விஷக் கிருமி பெருகி முயல் செத்தே போகும். ஆம்பிசிலினும் அப்படித்தான். நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் உண்ணி ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். வெளி நாற்றம் போகட்டும் என்று குளிப்பாட்டவும் கூடாது.

டாக்டரை முயல் நன்றாக இருக்கும்போதே தேடி வையுங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஃபோன் செய்து "முயல் பார்ப்பீங்களா, பல் ராவுவீங்களா, ராத்திரி அவசரத்துக்கு யார் இருப்பாங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹெப்பாலில் 1958 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் ஒரு வழி. தெற்குப் பக்கம் இருப்பவர்கள் சில்க் போர்டு நெரிசலையும் கணக்கில் வைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது நோட்டையும், கடைசியாகப் போட்ட புழுக்கையை ஒரு கவரில் போட்டும் கொண்டுபோங்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது புழுக்கை போட்டது, எடை எவ்வளவு, என்ன புதிதாகக் கொடுத்தீர்கள் என்ற நான்கு பதில்கள் தயாராக இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. கூடையில் கொஞ்சம் புல்லும் வையுங்கள், வழியில் ஒரு வாய் தின்றாலும் லாபம். ஜோடியாக வளர்ப்பவர்கள் மற்றதையும் கூடவே கூட்டிப் போங்கள். தனியாகப் போய் வந்த முயலின் மேல் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும், வீட்டில் இருப்பது அதை அடையாளம் தெரியாமல் கடிக்கும். கூட இருந்தால் நோயாளி முயலும் பயமில்லாமல் சீக்கிரம் தின்னத் தொடங்கும்.